பூச்சில்லாத பானையைப் படிப்பது எப்படி? தொடக்க கால இஸ்லாமிய மண்பாண்டங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பெரிய அருங்காட்சியகம் எதிலாவது இஸ்லாமியக் கலைக்கூடத்துக்குள் நுழைந்தால், கண் முதலில் போவது மின்னும் பொருள்களிடம்தான். பொன் போலப் பளபளக்கும் ஈராக்கியத் தட்டுகள், வெள்ளைப் பரப்பில் கறுப்பு எழுத்து ஓடும் ஈரானியக் கிண்ணங்கள். அவற்றுக்குப் பக்கத்தில், வெளிறிய மண் நிறத்தில் சில கெண்டிகளும் கூஜாக்களும் நிற்கும். கண்ணாடிப் பூச்சு கிடையாது, வண்ணம் கிடையாது. பார்க்க வருபவர்களில் பெரும்பாலோர் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஆனால் 8ஆம், 9ஆம் நூற்றாண்டு நகரம் ஒன்றைத் தோண்டும்போது கூடை கூடையாகக் கிடைப்பது இந்த வகைதான். தண்ணீர் பிடித்தது, குடித்தது, சமைத்தது, சேமித்தது, விளக்கேற்றியது எல்லாம் இவற்றில்தான். அந்த நகரத்து மனிதர்களின் ஒரு சாதாரண நாள் எப்படி இருந்தது என்று எனக்குச் சொன்னவை மின்னும் தட்டுகள் அல்ல, இந்தப் பானைகள். அதனால் இவற்றின் முன் இருபது நிமிடம் நின்று பார்ப்பது எப்படி என்பதை வரிசையாக எழுதுகிறேன். நேரில் போக முடியாதவர்கள் இணையத்திலும் இதே வரிசையில் பார்க்கலாம்.

முதல் படி: ஒரு தொகுப்பைத் தேர்ந்தெடுங்கள்

தொடங்குவதற்கு நான் சொல்வது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள நிஷாபூர் தொகுப்பு. நிஷாபூர் ஈரானின் வடகிழக்கில், குராசான் பகுதியில் உள்ள ஊர். 9ஆம் நூற்றாண்டு முதல் 12ஆம் நூற்றாண்டு வரை செழித்த பெருநகரம். 1221இல் மங்கோலியப் படை அதை அழித்தது. மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் குழு 1935 முதல் 1940 வரையும், மறுபடி 1947இலும் அங்கே அகழாய்வு செய்தது. சார்லஸ் வில்கின்சன், ஜோசப் அப்டன், வால்டர் ஹவுசர் ஆகிய மூவரும் அதை நடத்தினார்கள். கிடைத்த பொருள்களில் ஒரு பங்கு தெஹ்ரானிலேயே இருந்தது, மறு பங்கு நியூயார்க்குக்குப் போனது.

இந்தத் தொகுப்பை நான் முன்னால் வைப்பதற்குக் காரணம் உண்டு. இதிலுள்ள பொருள்கள் சந்தையில் வாங்கியவை அல்ல. எந்த மேட்டில் எடுத்தது என்ற பதிவோடு வந்தவை. தெப்பே மதரசா, சப்ஸ் புஷான் போன்ற மேடுகளின் பெயர்கள் பொருள் விவரத்திலேயே இருக்கும். படங்களும் தாராளமாகக் கிடைக்கின்றன. 2017 முதல் அந்த அருங்காட்சியகம் காப்புரிமை இல்லாத தன் பொருள்களின் படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது.

இணையதளத்தின் தேடல் பெட்டியில் நிஷாபூர் (Nishapur), எர்தன்வேர் (earthenware, மண்பாண்டம்), அன்கிளேஸ்டு (unglazed, பூச்சில்லாதது) என்ற சொற்களை ஆங்கிலத்தில் இட்டுத் தேடுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பதிவு எண் இருக்கும். 38.40 என்று தொடங்கினால் அது 1938இல் அருங்காட்சியகத்துக்கு வந்தது, 40.170 என்றால் 1940இல் வந்தது என்று பொருள். இந்த எண்ணை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பெயர்ப் பலகையில் உள்ள மற்றதை இப்போது படிக்க வேண்டாம். முதலில் படித்துவிட்டால் அது சொன்னதை மட்டும்தான் கண் தேடும்.

இரண்டாம் படி: மண்ணின் நிறத்தைப் பாருங்கள்

அலங்காரத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு நிறத்தை மட்டும் பாருங்கள். பாலாடை நிறமா, இளம் பச்சை கலந்த மஞ்சளா, செங்கல் சிவப்பா, சாம்பலா?

ஈராக், ஈரான், சிரியா, எகிப்து எங்கும் தண்ணீர்ப் பாத்திரங்களில் வெளிறிய நிறம் அதிகம். இதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, சுண்ணாம்புச் சத்து மிகுந்த களிமண். சூளைச் சூடு ஏறும்போது அந்தச் சுண்ணாம்பு மண்ணிலுள்ள இரும்போடு சேர்ந்து சிவப்பைக் குறைத்துவிடும். இன்னொன்று உப்பு. களிமண்ணிலோ பிசையும் தண்ணீரிலோ உப்பு இருந்தால், பானை காயும்போது அது மேற்பரப்புக்கு வந்து, சுட்டபின் வெளிர் படலமாக நின்றுவிடும். எகிப்தில் இந்த வேறுபாடு கண்ணுக்கு எளிதில் தெரியும். நைல் வண்டலில் செய்தது சிவந்து இருக்கும், மேட்டு நிலத்துச் சுண்ணாம்புக் களிமண்ணில் செய்தது வெளிறி இருக்கும்.

சமையல் பானைகள் பெரும்பாலும் வேறு மண். அடுப்புச் சூட்டைத் தாங்க வேண்டும் என்பதால் மணல் கலந்த, சொரசொரப்பான சிவப்பு மண்ணை எடுத்தார்கள். சாம்பல் நிறம் என்றால் சூளையில் காற்று குறைந்த சூழலில் சுட்டது.

உடைந்த விளிம்பு தெரிந்தால் அதுதான் பொக்கிஷம். ஓட்டின் குறுக்கே நிறம் ஒரே சீராக இருக்கிறதா, நடுவில் சாம்பல் பட்டை ஓடுகிறதா? மணல் துகள் தெரிகிறதா, அல்லது மண்ணைக் கரைத்து வடித்து எடுத்த நைசான களிமண்ணா? தொடக்க அப்பாசியக் காலத்து (750க்குப் பின் ஈராக்கிலிருந்து ஆண்ட கலீஃபா மரபு) நல்ல கூஜாக்களின் ஓடு வியப்பூட்டும் அளவு மெல்லியது. பூச்சில்லாதது என்றால் மட்டமானது என்ற எண்ணம் அந்த ஒரு ஓட்டைப் பார்த்தாலே போய்விடும்.

மூன்றாம் படி: சக்கரமா, அச்சா?

என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியில் முக்கியமான இடம் இதுதான். ஒரு பாத்திரம் எப்படிச் செய்யப்பட்டது என்று கண்டுபிடித்துவிட்டால் மற்றவை தானாகப் பிடிபடும்.

சக்கரத்தில் வனைந்த பாத்திரத்தின் உள்பக்கத்தில் விரல் தடங்கள் சுருளாக மேலே ஏறும். வாய் அகலமாக இருந்தால் எட்டிப் பார்த்தாலே தெரியும். அடியைக் கவிழ்த்துக் காட்டும் படம் இணையத்தில் இருந்தால், நூலால் அறுத்தெடுத்த தடம் வில் வில்லாகத் தெரியும்.

அச்சு முறை வேறு. நிஷாபூரில் அச்சுகளே கிடைத்திருக்கின்றன. தடித்த ஓடுள்ள அரைக்கோளக் கிண்ணங்கள் அவை, அலங்காரம் முழுவதும் உள்பக்கத்தில் குழிவாக இருக்கும். அச்சும் சுட்ட மண்தான், அதற்கும் பூச்சு கிடையாது. அதில்தான் நுட்பமே இருக்கிறது. ஈரக் களிமண்ணை உள்ளே வைத்து அழுத்தினால் அச்சு அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். களிமண் சற்றே சுருங்கி, அச்சை விட்டுத் தானே கழன்று வரும். அச்சுக்குப் பூச்சு இருந்தால் மண் ஒட்டிக்கொண்டுவிடும்.

ஒரு கெண்டிக்கு இரண்டு அச்சுகள். வயிற்றின் மேல்பாதி ஒன்றில், கீழ்பாதி ஒன்றில். இரண்டையும் குழைமண்ணால் ஒட்டி, தனியாக வனைந்த கழுத்தையும் அடியையும் சேர்த்து, கைப்பிடியை வைப்பார்கள். இதைக் கண்டுபிடிக்க மூன்று அடையாளங்கள் போதும். வயிறு மிக அகலமாக இருக்கும் இடத்தில் கிடைக்கோடாக ஒரு மூட்டு இருக்கும், சில சமயம் அதை ஒரு பட்டையால் மறைத்திருப்பார்கள். மேல்பாதியின் அலங்காரமும் கீழ்பாதியின் அலங்காரமும் அந்தக் கோட்டில் ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்கும். கழுத்தில் அலங்காரம் இருக்காது, அல்லது வேறு கையால் கீறியது போலிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. உள்ளே சுருள் தடம் இருந்தால் அது கட்டாயம் சக்கரத்தில் மட்டுமே வனைந்தது என்று முடிவுகட்ட வேண்டாம். அச்சையே சக்கரத்தின் மேல் வைத்துச் சுற்றி, மண்ணை உள்ளே அழுத்துவதும் உண்டு. அப்போது வெளியே அச்சின் அலங்காரம், உள்ளே சக்கரத்தின் தடம் இரண்டும் இருக்கும்.

அச்சு முறையின் பலன் வேகம். ஒரே அச்சில் திரும்பத் திரும்ப எடுக்கலாம். அச்சு தேயத் தேய அலங்காரமும் மங்கும். ஒரே மாதிரி இரண்டு துண்டுகள் கிடைத்து, ஒன்று கூர்மையாகவும் ஒன்று மழுங்கலாகவும் இருந்தால், மழுங்கியது பின்னால் வந்தது என்று ஊகிக்கலாம்.

நான்காம் படி: வாய்க்குள் எட்டிப் பாருங்கள்

பூச்சு ஏன் இல்லை என்ற கேள்விக்கு விடை இங்கே கிடைக்கும். பூச்சு போடத் தெரியாமல் விட்டுவிட்டதல்ல. தண்ணீர்ப் பாத்திரத்துக்குப் பூச்சு போட்டால் அது கெட்டுவிடும், அவ்வளவுதான். மண்பானைத் தண்ணீர் குடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓட்டின் நுண்துளை வழியாக நீர் கசிந்து வெளிப்பரப்பில் ஆவியாகும், ஆவியாக வேண்டிய வெப்பத்தை உள்ளிருக்கும் நீரிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். 5 லிட்டர் கூஜாவில் 50 மில்லி லிட்டர் ஆவியானால், வெளியிலிருந்து புது வெப்பம் ஏறாவிட்டால், மீதி நீர் 6 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிரும். காற்று எவ்வளவு வறண்டதோ அவ்வளவு நன்றாக இது நடக்கும். ஈராக்கின் சமவெளிக்கும் கெய்ரோவுக்கும் இதைவிடப் பொருத்தமான பாத்திரம் இல்லை.

எகிப்தில் இந்தக் கூஜாவுக்குக் குல்லா என்று பெயர். தமிழில் நாம் சொல்லும் குல்லா வேறு, இது அரபுச் சொல். இதன் கழுத்துக்கும் வயிற்றுக்கும் இடையில் துளையிட்ட வட்டத் தகடு ஒன்று இருக்கும். பூச்சிகள் உள்ளே விழாமல் தடுக்கும், ஊற்றும்போது நீர் குபீரென்று கொட்டாமல் பார்த்துக்கொள்ளும். இரண்டு வேலைக்கும் நாலைந்து ஓட்டை போட்டால் போதும். ஆனால் பழைய கெய்ரோவின் ஃபுஸ்தாத்தில் கிடைத்த வடிகட்டிகளைப் பாருங்கள்: சரிகை போல் குடைந்த மயில், மீன், முயல், யானை, நட்சத்திரக் கோலங்கள். சிலவற்றில் குட்டி வாசகங்கள்கூட உண்டு. 'மன் ஸபர கதர' என்பது ஒன்று, பொறுத்தவனுக்குக் கைகூடும் என்று பொருள். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று நாம் சொல்வதன் அரபு உடன்பிறப்பு அது.

கூஜாவைப் பக்கவாட்டில் பார்ப்பவருக்கு இந்த அலங்காரம் தெரியவே தெரியாது. நீர் நிரப்புபவரும் குடிப்பவரும் வாயைத் தன் முகத்துக்கு நேராகக் கொண்டுவரும்போது மட்டுமே தெரியும். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு தகட்டில், குடிப்பவர் ஒருவருக்காக மட்டும், சாதாரணத் தண்ணீர்ப் பாத்திரத்தில் இவ்வளவு வேலை செய்திருக்கிறார்கள். இதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் நெகிழ்கிறது.

வடிகட்டிகள் தனித்தனி வட்டங்களாகக் காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பது ஏன் என்று கேட்கலாம். கூஜாவின் ஓடு மெலிது, உடைந்துபோகும். தகடு தடிப்பம், தங்கிவிடும். கெய்ரோ இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் இவை ஏராளம். பியர் ஓல்மர் என்பவர் 1932இல் அவற்றுக்கென்றே ஒரு தனிப் பட்டியல் நூல் வெளியிட்டார். இவற்றில் பல 10ஆம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவை, எகிப்தை 13 முதல் 16ஆம் நூற்றாண்டு வரை ஆண்ட மம்லூக்குகளின் காலம்வரைகூட வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஐந்தாம் படி: பிடி, மூக்கு, அடி

இதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கைப்பிடியின் உச்சியில் சிறு குமிழ் இருந்தால் அது கட்டைவிரல் வைக்க. உலோகக் கெண்டியைப் பார்த்து எடுத்த வழக்கம் அது. பித்தளைக் கெண்டியில் தேவையான விளிம்புகளும் மடிப்புகளும் மண்ணிலும் வந்திருந்தால், அது உலோகத்தின் நகல் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடி தட்டையாக இருந்தால் தரையில் வைத்தது. உருண்டையாகவோ கூராகவோ இருந்தால் தாங்கியிலோ மணலிலோ நிறுத்தியது.

ஆறாம் படி: இப்போது அலங்காரம்

தலையைச் சற்று இடமும் வலமும் நகர்த்திப் பாருங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு மேலிருந்து விழும், பக்கவாட்டு நிழலில்தான் கீறல்கள் உயிர் பெறும். கீறியது, சீப்பால் இழுத்தது, முத்திரை குத்தியது, மண்ணுருண்டை ஒட்டியது, அச்சில் எடுத்தது என ஐந்தையும் பிரித்தறிய முயலுங்கள். கீறலின் ஓரத்தில் பிசிறு எழும்பியிருந்தால் மண் ஈரமாக இருக்கும்போதே கீறியிருக்கிறார்கள். ஓரம் சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தால் மண் பாதி காய்ந்து தோல் பதத்துக்கு வந்தபின் கீறியது.

எழுத்து இருந்தால் பெரும்பாலும் வாழ்த்துதான். 'பரகா' என்றால் அருள், 'பரகா லி ஸாஹிபிஹி' என்றால் உடையவருக்கு அருள் உண்டாகட்டும். அரபி தெரியாதவர்களும் 'பரகா' என்ற நான்கெழுத்துச் சொல்லின் வடிவத்தை ஒருநாளில் மனதில் பதித்துக்கொள்ளலாம், பிறகு அது எங்கும் கண்ணில் படும். அச்சில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்கினால்தான் பாத்திரத்தில் நேராக வரும். ஒரு வாசகம் பிடிபடவே இல்லையென்றால் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிப் பாருங்கள்.

விளக்குகளை விட்டுவிடாதீர்கள். ஜோர்டானில் உள்ள ஜெராஷில், அப்பாசியருக்கு முன் ஆண்ட கலீஃபா மரபான உமய்யாக்கள் காலத்தில் அச்சில் செய்த எண்ணெய் விளக்குகள் சிலவற்றில் செய்தவர் பெயரும் ஊர்ப் பெயரும் ஹிஜ்ரி ஆண்டும் பொறித்திருக்கிறார்கள். ஹிஜ்ரி ஆண்டை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் ஏறத்தாழ நம் ஆண்டு வரும். ஹிஜ்ரி 250 என்றால் 864.

ஏழாம் படி: காலம் கணிப்பதில் அவசரம் வேண்டாம்

வல்லுநர்களே சறுக்கிய இடம் இது. ஜெரிக்கோ அருகே கிர்பத் அல் மஃப்ஜர் என்ற உமய்யா அரண்மனை இருக்கிறது. திமித்ரி பராம்கி 1930களிலும் 40களிலும் அங்கே அகழாய்வு செய்து, கிடைத்த மண்பாண்டங்களைப் பற்றி 1944இல் எழுதினார். 724 முதல் 743 வரை ஆண்ட கலீஃபா ஹிஷாமின் பெயர் அங்கே கிடைத்தது. 749இல் வந்த நிலநடுக்கத்தில் கட்டடம் இடிந்தது. ஆகவே பாண்டங்களும் உமய்யா காலத்தவை என்ற எண்ணம் பரவியது. வெளிறிய நிற மெல்லிய பாண்டம் ஒன்றுக்கு மஃப்ஜர் பாண்டம் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

1988இல் டொனால்ட் விட்கோம்ப் அந்தச் சான்றுகளை மறுபடி எடுத்துப் பார்த்தார். நிலநடுக்கத்துக்குப் பிறகும் அங்கே மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள், பாண்டங்களில் ஒரு பகுதி அப்பாசியக் காலத்தது என்று காட்டினார். ஒரு இடிபாட்டின் தேதியைப் பானைகள் எல்லாவற்றுக்கும் ஏற்றிவிட்டதால் வந்த வினை. ஈராக்கின் சாமர்ராவிலும் இதே கதைதான். 836 முதல் 892 வரை அது அப்பாசியரின் தலைநகரம். எர்ன்ஸ்ட் ஹெர்ட்ஸ்ஃபெல்ட் 1911 முதல் 1913 வரை அங்கே தோண்டினார். கிடைத்ததெல்லாம் அந்த 56 ஆண்டுக்குள் அடங்கும் என்று வெகுகாலம் நம்பினார்கள். தலைநகரம் போனாலும் ஊர் இருந்தது, பானைகளும் தொடர்ந்தன.

பூச்சில்லாப் பாண்டத்தின் வடிவம் மெதுவாகத்தான் மாறும். அதனால் பலகையில் 9ஆம் முதல் 10ஆம் நூற்றாண்டு என்று அகலமாகப் போட்டிருந்தால், அது நேர்மையான தேதி.

எட்டாம் படி: விதிவிலக்குகள் இரண்டு

கையடக்கமான, கூம்பு அடியுள்ள, ஊசி வாய்க் குடுவைகளைப் பார்ப்பீர்கள். எகிப்திலிருந்து மத்திய ஆசியா வரை கிடைக்கின்றன. ஓடு தடிப்பம், சுடுவது கடுஞ்சூட்டில், ஒரு சொட்டும் கசியாது. குல்லாவுக்கு நேர் எதிரான குணம். பாதரசம் வைத்தது, பீர் வகைப் பானம் அடைத்தது, தீக்குண்டாக எறிந்தது என்று பல கருத்துகள். ஜெருசலேமில் கிடைத்த துண்டுகளில் ஒட்டியிருந்த எச்சத்தை ஆராய்ந்து 2022இல் வெளியான கட்டுரை, எண்ணெய், மருந்து போன்றவற்றோடு ஒன்றில் வெடிபொருளுக்கான சேர்மானம் இருக்கலாம் என்கிறது. ஒரே வடிவத்துக்குப் பல பயன் இருந்திருக்கும் என்றே எனக்கும் தோன்றுகிறது.

இன்னொன்று டார்பீடோ ஜாடி. கழுத்தில்லாத நீள உருளை, அடி கூர், உள்ளே கரிய நிலக்கீல் பூச்சு. ஈராக், தென்மேற்கு ஈரான் பக்கத்துப் பொருள். இஸ்லாத்துக்கு முன் ஈரானை ஆண்ட சசானியர் காலத்திலிருந்து இஸ்லாமியக் காலம்வரை கப்பலேறியது. நம் பக்கத்துக்கும் வந்திருக்கிறது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் அமைந்த, இலங்கையின் மாந்தைத் துறைமுகத்தில் 1980 முதல் 1984 வரை நடந்த அகழாய்வில் இவற்றின் துண்டுகள் வந்தன, கேரளத்தில் பட்டணம் என்ற ஊரிலும் கிடைத்திருக்கின்றன. இந்தியாவில் கிடைத்தவற்றில் சிலவற்றை ரோமானிய மதுச்சாடி என்றே நெடுநாள் நினைத்திருந்தார்கள். மண்பாண்ட ஆய்வாளர் ராபர்ட்டா டோம்பர் பின்னர் அவற்றைப் பிரித்துக் காட்டினார். தாய்லாந்தில் 2013இல் சேற்றிலிருந்து வெளிப்பட்ட பனோம் சுரின் கப்பலில் முழு ஜாடிகளே இருந்தன. ஆகவே உள்நாட்டு அருங்காட்சியகத்தில் கறுப்புப் பூச்சுள்ள வெளிர் ஓடு ஒன்றைப் பார்த்தால் சட்டென்று ரோம் என்று எழுதிவிடாதீர்கள்.

ஒன்பதாம் படி: கடைசியில் பெயர்ப் பலகை

இப்போது பலகையைப் படியுங்கள், உங்கள் குறிப்போடு ஒப்பிடுங்கள். இரண்டு சொற்களைக் கவனியுங்கள். அகழாய்வில் எடுத்தது என்று இருந்தால் இடம் உறுதி. இன்ன ஊருக்கு உரியதாகக் கருதப்படுகிறது என்றோ, அங்கே கிடைத்ததாகச் சொல்லப்படுகிறது என்றோ இருந்தால், அது வணிகர் வழியாக வந்தது. நிஷாபூர் மேடுகளை விற்பனைக்காகத் தோண்டியவர்கள் நிறையப் பேர், அதனால் நிஷாபூர் என்ற பெயர் மட்டும் போதாது.

வழவழப்பாக, சற்றே வேறு நிறத்தில் திட்டுகள் தெரிந்தால் அவை உடைந்த இடத்தை நிரப்பிய சாந்து. பொரிந்து வெள்ளைப் பொடி பூத்திருந்தால் உப்பு. நூற்றாண்டுக் கணக்கில் மண்ணுக்குள் குடித்த உப்பு, ஈரப்பதம் மாறும்போதெல்லாம் மேலே வந்து படிகமாகி ஓட்டை உரித்துவிடும். சுத்த நீரில் ஊறவைத்து உப்பை எடுப்பது வழக்கம், ஆனால் உள்ளே என்ன இருந்தது என்பதற்கான எச்சமும் அந்த நுண்துளைகளில்தான் இருக்கிறது. அதனால் கழுவுவதற்கு முன் மாதிரி எடுத்துக்கொள்வது நல்லது.

எதை முதலில் பார்ப்பது என்று கேட்டால், இந்த வரிசையில் ஐந்து போதும்: ஒரு சமையல் பானை, சக்கரத்தில் வனைந்த ஒரு வெளிர் கூஜா, அச்சில் எடுத்த ஒரு நிஷாபூர் கெண்டி, அதே ஊரின் ஓர் அச்சு, அப்புறம் ஃபுஸ்தாத்தின் ஒரு வடிகட்டி. வடிகட்டியின் படத்தை மட்டும் மேசையில் படுக்கவைத்து, குடிக்கக் குனிவதுபோல் மேலிருந்து பாருங்கள். அந்த முயலை அந்தக் குயவர் அந்தக் கோணத்துக்காகத்தான் குடைந்தார்.